அண்ணனைப் பற்றி நான் சொன்ன விளக்கம்

அண்ணியைக் கூப்பிட்டு வரப் போனது நான். அண்ணி வராமல் போனதும் என்னால்தான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை எழுதச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

நான் உளவியல் படிப்பவன். ஆசைப்பட்டு எடுத்ததில்லை. கல்லூரியில் கம்ப்யூட்டர் கேட்டேன், இடம் இல்லை. வணிகவியல் கேட்டேன், அதுவும் இல்லை. காலியாக இருந்தது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள் நான்தான் என்பதால் எது கிடைத்தாலும் பெரிய படிப்புதான். "இன்னா படிப்புடா அது?" என்று அம்மா கேட்டாள். "மனுசங்க ஏன் இப்படி இருக்காங்கன்னு படிக்கிறதும்மா" என்றேன்.

"அத்த இன்னாத்துக்கு திருப்பத்தூருக்குப் போய் படிக்கணும்? தண்ணி வுடற நேரத்துல பைப்பாண்ட நின்னா தெரிஞ்சிடுமே."

முதல் இரண்டு வருஷம் எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. விடுதியிலிருந்து லீவுக்கு மலைமேல் இருக்கும் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் ஒரு கோட்பாடு ஞாபகத்துக்கு வரும். எங்கள் பக்கம் ஓடும் ஜீப்பின் டிரைவர், வாரத்தில் மூன்று நாள் ரிப்பேராகி நிற்கிற வண்டியை, "இத்த மாதிரி வண்டி இனிமே வராது" என்று தட்டிக்கொடுப்பார். தான் எடுத்த முடிவு தப்பு என்று தெரிந்தால் மனசு அதைத் தாங்காது, முடிவைச் சரி என்று நிரூபிக்கப் பார்க்கும் என்று வகுப்பில் நடத்தியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஜீப்காரர் பாடத்துக்குள் உட்கார்ந்த மாதிரி.

ஒருநாள் ஏற்றத்தில் அதே ஜீப் நின்றுவிட்டது. உள்ளேயும் பின்னாலும் தொங்கிக்கொண்டும் இருபது பேர். தள்ள ஒருவரும் இறங்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டம் அதிகமானால் பொறுப்பு பங்கு போட்ட மாதிரி ஆளாளுக்குக் குறைந்துவிடும், அதனால்தான் யாரும் அசைவதில்லை என்று பக்கத்தில் தொங்கியவரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இல்ல தம்பி. எறங்கினா எடம் பூடும்" என்றார்.

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது நான் யோசித்திருக்க வேண்டும்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். அப்பா இல்லாததால் பதினைந்து வயதிலிருந்து குடகுக்கு வேலைக்குப் போகிறான். காபி பறிக்கிற பருவத்துக்கு மேஸ்திரி ஒருவர் மலைக்கு வந்து ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவார். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் திரும்புவார்கள். அண்ணன் அதிகம் பேசமாட்டான். கல்யாணமான புதிதில் அண்ணி, "ஒங்கண்ணனுக்கு ஒரு நாளைக்கு பத்து வார்த்தைதான் அளந்து குடுத்துருக்காங்களா தம்பி?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

அவர்களுடைய குழந்தை மார்கழியில் போய்விட்டது. பெண் குழந்தை, ஏழு மாசம். சளி, காய்ச்சல், அப்புறம் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மலைப்பாதையில் பாதி வழியிலேயே அடங்கிவிட்டது. ஜீப்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, போலாமா திருப்பலாமா என்று கேட்டாராம். "திருப்புங்க" என்றானாம் அண்ணன்.

எனக்கு விடுதிக்குப் போன் வந்தது. அம்மாதான் பேசினாள். வரும்போது திருப்பத்தூரில் நாலு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். துக்க வீட்டுக்கு மல்லிகை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வாங்கிக்கொண்டு போனேன். அண்ணிக்குப் பால் கட்டிக்கொண்டு வலி தாங்க முடியவில்லை. பால் வற்றுவதற்கு மார்பில் பூவை வைத்துக் கட்டவேண்டும். அம்மா உள்ளே கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வெளியே அண்ணன் விறகு பிளந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான விறகு ஏற்கெனவே பிளந்து கிடந்தது. நான் இரண்டுக்கும் நடுவில் ஒரு சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் டீ இருந்ததா, காலியா என்று ஞாபகம் இல்லை.

அண்ணன் அழவில்லை. எட்டாம் நாள் காரியம் முடிந்தது. ஒன்பதாம் நாள் விடிகாலை பையை எடுத்துக்கொண்டு குடகுக்குப் போய்விட்டான். அண்ணியிடம் "வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். பொங்கல் முடிந்ததும் அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போனார். அது எங்கள் ஊரிலிருந்து இரண்டு மேடு தாண்டி, நடந்தால் அரைநாள். ஒரு மாதம் ஆகியும் திரும்பவில்லை.

எங்கள் பக்கம் கோபித்துக்கொண்டு போன பெண்ணைப் புருஷன் போய்க் கூப்பிடுவதில்லை. அவன் தம்பியோ மாமனோ போக வேண்டும். போகிறவன் வேலை ஒன்றுதான், திட்டு வாங்குவது. பெண்ணின் அம்மா திட்டுவாள், மாமன் திட்டுவார், பக்கத்து வீட்டுக்காரி வந்து தன் பங்குக்குத் திட்டிவிட்டுப் போவாள். கூப்பிட வந்தவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. சாயந்திரத்துக்குள் திட்டு தீர்ந்துவிடும். சோறு போடுவார்கள். மறுநாள் காலையில் பெண் துணியை மூட்டை கட்டிக்கொண்டு முன்னால் நடப்பாள். இவ்வளவுதான். எத்தனையோ வீட்டில் இப்படித்தான் நடந்திருக்கிறது. இது எனக்குத் தெரியும்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போனேன். புளி உலுக்கும் பருவம். வாசலில் பாயை விரித்து அண்ணியும் அவர் அம்மாவும் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கிப்போன பழத்தையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அத்தை, அதாவது அண்ணியின் அம்மா, தலையைத் தூக்கவே இல்லை. கையில் இருந்த கல் மட்டும் வேகமாக விழுந்தது.

"வந்துட்டாரு காலேஜு! ஏண்டா, ஒங்க அண்ணனுக்கு காலு இல்லியா? குடகு வரைக்கும் போவுது, இங்க வர மாட்டுதா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ளயக் குழில வெச்சிட்டு வந்த கையோட வேலைக்கு ஓடறான். மனுசனா அவன்? கல்லு! எம்பொண்ணு மாருல பாலு கட்டிக்கினு துடிக்கிறா, அவன் வெறவு பொளக்கிறான். ஒரு போன் உண்டா? கீறியா செத்தியான்னு ஒரு வார்த்த உண்டா? எந்த மூஞ்ச வெச்சிக்கினு பிஸ்கட்டு வாங்கியாந்த நீ?"

அரைமணி நேரம் இப்படிப் போனது. நன்றாகவே போனது. அந்த நேரத்தில் திட்டு அவ்வளவு மும்முரமாக இருந்ததே நல்ல அடையாளம். ஆனால் "கல்லு" என்ற சொல் என்னை என்னவோ செய்தது. அண்ணன் கல் இல்லை என்று எனக்குத் தெரியும். அவன் ஏன் அப்படி என்றும் தெரியும் என்று நினைத்தேன். கல்லூரியில் அந்த செமஸ்டரில்தான் அதைப் பற்றிய பாடம் முடிந்திருந்தது. குழந்தைக்கும் அதைத் தூக்கி வளர்க்கிறவருக்கும் உள்ள பிணைப்பு எப்படி அமைகிறதோ, பெரியவனானதும் மற்றவர்களோடு பழகுவதும் அந்த மாதிரியே அமையும் என்பது பாடம். படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் பென்சிலால் 'அண்ணன்' என்று எழுதியிருந்தேன்.

வாயைத் திறந்தேன்.

"அத்தை, அண்ணனுக்குத் துக்கம் இல்லாம இல்ல. சின்னதுல அம்மா கொல்லைல களை வெட்டப் போகும்போது மரத்துல தூளி கட்டி அவன வுட்டுட்டுப் போய்டும். அழுவான். யாரும் வர மாட்டாங்க. அழுதா யாரும் வரப்போறது இல்லன்னு அவன் மனசு அப்பவே கத்துக்கினது. அந்த மாதிரி வளந்தவங்களுக்கு பெரிய துக்கம் வந்தா கிட்ட வரமாட்டாங்க. எட்டப் போய்டுவாங்க. அது ஒரு வகை."

அதே தூளியில்தான் நானும் கிடந்தேன். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி அதுவரை பேசாதவர், புளி ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வகைன்னா இன்னா தம்பி?"

"மனுசங்கள்ல ஒரு வகை அண்ணி."

"அத்த புஸ்தகத்துல போட்ருக்கா?"

"போட்ருக்கு."

"ஒங்கண்ணனப் பத்தியா?"

"அவர மாதிரி ஆளுங்களப் பத்தி."

"அப்புறம் அவங்க மாறுவாங்களா?"

மாறுவாங்க என்று சொல்லியிருக்கலாம். எங்கள் குறிப்பில் அப்படியும் ஒரு வரி இருந்தது, நம்பிக்கையான துணை அமைந்தால் மாறக்கூடும் என்று. ஆனால் பெரும்பாலும் நீடிக்கும் என்பதுதான் அதற்கு முந்தின வரி. பரிட்சையில் எழுதுகிற மாதிரி முந்தின வரியை முதலில் சொன்னேன். "ரொம்ப கஷ்டம் அண்ணி. பெரும்பாலும் கடைசி வரைக்கும் அப்படித்தான் இருப்பாங்க."

அடுத்த வரியைச் சொல்வதற்குள் கல் சத்தம் நின்றுவிட்டது. அத்தை கல்லைக் கீழே வைத்திருந்தார். என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் திட்டவில்லை. "சாப்புட்டுப் போங்க தம்பி" என்றார். தம்பி என்றார், போங்க என்றார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அண்ணி மூட்டை கட்டவில்லை. "நீ போ தம்பி, பரிட்சை இருக்குமே" என்றார்.

பங்குனியில் அண்ணன் திரும்பி வந்த வாரமே அண்ணி வீட்டார் ஊர்க்கூட்டம் கேட்டார்கள். எங்கள் மலையில் பிடிக்காத வாழ்க்கையை முடித்துக்கொள்வது பெண்ணுக்குப் பெரிய அவமானம் இல்லை. இரண்டு ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். சேர்த்து வைக்கத்தான் முதலில் பார்ப்பார்கள். முடியாது என்றால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடச் சொல்வார்கள். அதோடு தீர்ந்தது. துரும்பு போட்ட பிறகு இரண்டு பேரும் தாமாகப் பேசிக்கொள்ளக் கூடாது. பேச வேண்டுமானால் ஊர் திரும்பக் கூட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பலா மரத்தடியில் கூட்டம். ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். அவர் அண்ணியின் மாமனைப் பார்த்து, "சின்னஞ்சிறுசுங்க, புள்ளய வேற வுட்டுட்டு நிக்குதுங்க. ஒரு வருசம் பாக்கலாமே" என்றார்.

மாமன் சத்தமே போடவில்லை. "நாங்க பாக்கலாம்னுதான் இருந்தோம் நாட்டாரே. இவன் தம்பியே வந்து சொல்லிட்டான். படிச்ச பையன். பொய் சொல்லல. அந்த வகை ஆளு கடைசி வரைக்கும் மாற மாட்டானாம். புஸ்தகத்துலயே போட்ருக்குதாம். தெரிஞ்சிக்கினே பொண்ண எப்படி அனுப்பறது?"

நாட்டார் என் பக்கம் திரும்பினார். "சொன்னியாப்பா?"

"சொன்னேங்க. ஆனா அது..."

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேங்க."

எங்கள் ஊரில் யார் பேச்சையும் எதிர்த்துப் பேசலாம். நாட்டாரையே பேசலாம். புஸ்தகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மட்டும் எதிர்த்துப் பேச ஆளில்லை. அப்படிப் பேசக்கூடிய ஒரே ஆள் நான். நான் ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்திருந்தேன்.

"நீ இன்னாப்பா சொல்ற?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமாக எல்லாம் இல்லை. வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "தம்பி படிச்சவன். அவனுக்குத் தெரியும்" என்றான்.

துரும்பை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கவனிக்கவில்லை. காய்ந்த சாமைத் தாள்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒடிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரத்தில் எத்தனை பலாப்பிஞ்சு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலைந்து நாள் கழித்து அண்ணன் மறுபடி குடகுக்குக் கிளம்பினான், மிளகு வேலைக்கு. மலையிலிருந்து நானும் கூடவே இறங்கினேன். திருப்பத்தூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது தன் போனை என்னிடம் நீட்டினான். பட்டன் போன். "போன் வந்தா சத்தமே வர மாட்டுது, பாரு."

எதையோ அமுக்கினேன். அவன் போட்ட அழைப்புகளின் பட்டியல் வந்தது. அந்தப் போனில் கடைசி இருபதுதான் நிற்கும். மேலே இரண்டு என் நம்பர். மீதி பதினெட்டும் ஒரே நம்பர். பெயர் இல்லை, அவனுக்கு எழுத்து அடிக்கத் தெரியாது. ஆனால் அது அண்ணி நம்பர் என்று எனக்குத் தெரியும். எல்லாம் சாயந்திரம் ஆறு, ஆறரை. ஒருநாள் விடாமல்.

"அண்ணா, அண்ணிக்குப் போன் போட்டியா?"

"தெனம் போட்டேன். வேல வுட்டதும் போடுவேன். ஒரு பொம்பள கன்னடத்துல பேசும், கட் ஆயிடும். டவர் இல்லன்னு சொல்லுதுன்னு மேஸ்திரி சொன்னாரு."

அண்ணியின் அம்மா ஊரில் டவர் கிடையாது. போன் பேசவேண்டுமானால் மேட்டுப் பாறைக்கு ஏறவேண்டும். அங்கே ஏறினபோது அண்ணி போனுக்கு இத்தனை அழைப்பு வந்தது என்று மெசேஜ் வந்திருக்கும். ஆங்கிலத்தில் வந்திருக்கும். அந்த வீட்டில் அதைப் படிக்க யாரும் இல்லை.

"அப்புறம் ஏண்ணா ஒம்பதாம் நாளே போன?"

"மேஸ்திரி வேன் அன்னிக்குத்தானே வந்துச்சு. அத்த வுட்டா அந்த சீசனுக்கு ஆள் எடுக்க மாட்டாங்க."

"இத்த கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"யாரும் கேக்கலயே" என்றான்.

நானும் கேட்கவில்லை. முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒருவர் ஏன் அப்படி நடந்தார் என்று யோசிக்கும்போது நாம் அவருடைய குணத்தைத்தான் காரணமாகச் சொல்வோம், அவர் மாட்டிக்கொண்டிருக்கிற சூழ்நிலையைப் பார்க்க மாட்டோம், இது மனிதர்கள் எல்லோரும் செய்கிற தவறு என்பது அந்தப் பாடம். பரிட்சையில் அதை நான் நன்றாக எழுதியிருந்தேன். வகுப்புக்குத் தாமதமாக வருகிற மாணவனை உதாரணமாகக் கொடுத்திருந்தேன்.

பஸ் வந்தது. அண்ணனை ஏற்றிவிட்டேன். விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டேன். அன்று சாம்பார் சாதம், அப்பளம். தட்டைக் கழுவி வைத்தேன். இரண்டு நாள் வகுப்புக்கும் போனேன், குறிப்பும் எடுத்தேன். அந்தக் குறிப்பைப் பிறகு பார்த்தேன். கையெழுத்து அழகாகவே இருந்தது.

சந்தை நாளில் ஜீப் பிடித்து அண்ணியைப் பார்க்கப் போனேன். துரும்பு போட்ட பிறகு அண்ணனும் அண்ணியும்தான் பேசக்கூடாது, நான் போகலாம். அண்ணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு அழைப்பையும் சொன்னேன். வேனைப் பற்றிச் சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"தெனமுமா?" என்றார்.

"தெனமும் அண்ணி."

கையிலிருந்த துணியை உதறி, மடித்து, மறுபடி உதறினார். "இங்க டவர் இல்ல தம்பி."

"தெரியும் அண்ணி."

"அன்னிக்கு நீ வந்து ஒக்காந்து பேசினியே, அப்ப ஒன் போன்ல டவர் இருந்துச்சா?"

"இல்ல."

அவர் துணியைக் கொடியில் போட்டார். "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு அண்ணி" என்றேன்.

"நீ தப்பாச் சொன்னியா, சரியாச் சொன்னியா, எனக்கு எப்படித் தெரியும் தம்பி? நான் படிச்சனா?" குரலில் கோபம் இல்லை. "ரெண்டு வாட்டியும் நீயே வர்ற. நீயே பேசற. அவரு பேசி நான் கேக்கவே இல்ல. ஊரக் கூட்டிக்கினு வந்து அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

அத்தை சோறு போட்டார். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். ரசம் ஊற்றும்போதாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றார்.

திரும்பும்போது மேட்டுப் பாறையில் ஏறி அண்ணனுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்தான். பின்னால் யாரோ கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நாட்டாரிடம் நான் பேசுகிறேன், நீ வந்து கூட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"இன்னா சொல்றது?"

"போன் போட்டேன்னு சொல்லு. அது போதும்."

கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இருந்தான்.

"அதெல்லாம் எனக்கு வராதுடா. நீதான் அன்னிக்கே சொல்லிட்டியே."

"அண்ணா, நான் சொன்னது தப்பு. டவர் இல்லாமதான் ஒன் போன் போகல, அதுக்கும் நான் சொன்ன வகைக்கும் சம்பந்தமே இல்ல."

"தப்பா இருக்காது. நானும் இங்க வந்து யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் கீது. புள்ளயத் தூக்கிக்கினு ஜீப்புல வரும்போது அவ என் கையப் புடிச்சா. நான் கைய இஸ்துக்கினேன். அதுக்கு டவர் இன்னா பண்ணும்?"

அவன் எங்கள் வீட்டில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவன் இப்படி நம்புவதற்கும் ஒரு விளக்கம் உண்டு, ஒருவரைப் பற்றி நாம் சொல்வதை அவர் நம்பி அதுவாகவே ஆகிவிடுவது. இறுதி வருஷத்துப் பாடம். நான் சொல்லவில்லை.

"அம்மா கொல்லைக்கு வேலைக்குப் போவுதா?" என்று கேட்டான்.

"போவுது."

"ஒனக்குப் பரிட்சை எப்போ?"

தேதியைச் சொன்னேன். மறந்துவிடாமல் இருக்க இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நல்லா எழுது" என்றான்.